மாரிக்கனி டாக்டரின் மேசையில் பேசியவர்கள்

டாக்டர் மாரிக்கனி தன் பொறுப்பில் செய்த முதல் புற்றுநோய் ஆபரேஷனின்போது, முழு மயக்கத்தில் கிடந்த நோயாளி பேசினார். அவர் தொண்டைக்குள் சுவாசக் குழாய் இறங்கியிருந்தது. அது நழுவாமலிருக்க உதட்டோரம் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். இமைகளையும் ஒட்டியிருந்தார்கள். உதடு அசையவில்லை, நெஞ்சு மெஷின் சொன்னபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் குரல் தெளிவாக வந்தது. களை எடுக்கும் பெண் ஒருத்தி அடுத்த நிரையில் குனிந்திருப்பவளிடம் கேட்பது போன்ற, அவசரமில்லாத குரல். "ஏந்தாயி, என்னத்தை எடுக்கப் போறீக? எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

பேசியவர் ராக்கம்மாள். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து மார்பில் கட்டியோடு மதுரைக்கு வந்தவர். கொழுப்புக் கட்டிதான், லேசாகக் கீறி எடுத்துவிடுவார்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அது புற்றுநோய் என்பதும் மார்பையே எடுக்க வேண்டும் என்பதும் கணவருக்கும் மகனுக்கும் மட்டும் தெரியும். யாரும் வாசித்துக் காட்டாத ஒரு தாளில் ராக்கம்மாளின் கைநாட்டை வாங்கியிருந்தார்கள். இதில் யாரும் வஞ்சகம் செய்ததாக நினைக்கவில்லை. அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அப்படித்தான் நடந்தது. பெரிய பெரிய டாக்டர்களும் அதை இரக்கம் என்றே சொன்னார்கள்.

மயக்க டாக்டர் சுந்தரபாண்டி முதலில் பார்த்தது தன் மெஷினைத்தான். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் ஆழ்ந்து தூங்குகிறவருக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தன. நர்ஸ் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. காலையில் சாப்பிடாமல் வந்ததால் தன் காதில்தான் ஏதோ கேட்கிறது என்று மாரிக்கனி ஒரு கணம் நினைத்தாள். சுந்தரபாண்டியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சமாதானம் போய்விட்டது. தோலில் கத்தி ஒரு கோடுதான் இழுத்திருந்தது. "காதுல விழுகலையா?" என்று ராக்கம்மாள் மறுபடி கேட்டார். வேறென்ன செய்வது என்று தெரியாமல், வார்டில் ஒருவருக்குப் பதில் சொல்வது போல மாரிக்கனி சொன்னாள்: "மாரை எடுக்கணும்மா. அது கொழுப்புக் கட்டியில்லை. புற்றுநோய்."  பிறகு ராக்கம்மாள், "அப்பிடியா சேதி. அப்ப என்னைய எழுப்பி விடுங்க, தாயி. யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அதோடு குரல் நின்றுவிட்டது.

மாரிக்கனி தோலைத் தைத்து எழுப்பிவிட்டாள். ராக்கம்மாளுக்குத் தான் பேசிய எதுவும் நினைவில் இல்லை. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசையில் சொன்னதை மாரிக்கனி மறுபடியும் சொன்னாள். ராக்கம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். புருசனையும் மகனையும் கூப்பிட்டு நாலு வார்த்தை ஏசினார். ஊருக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். திரும்பி வரமாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வாரமே ஒரு மஞ்சப்பையோடு தனியாக பஸ் ஏறி வந்து, "எடுத்துருங்க" என்றார். இரண்டாம் முறை மேசையில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் இருக்கிறார். அவர் காட்டில் பாசிப்பயறு விளைந்தால் டாக்டரம்மாவுக்கு ஒரு பங்கு வந்துவிடும்.

மாரிக்கனியின் அப்பா வீரணன் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். நாளைக்கு எந்தக் காட்டுக்கு என்று அவரை யாரும் கேட்டதில்லை. வரச் சொல்லி ஆள் வரும், போவார். மகள் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்றபோது அவர் முதலில் சொன்னது, "உனக்கு அதுதான் வேணுமாத்தா?" என்பதுதான். மாரிக்கனி மதுரையில் படித்து, சென்னையில் புற்றுநோய் அறுவை பயின்று திரும்பியபோது அவர் உயிரோடு இல்லை. கையில் நடுக்கமில்லாதவள், அதிகம் பேசாதவள், தைத்த தையல் தெரியாது என்று பெயர் எடுத்திருந்தாள். ராக்கம்மாளுக்குப் பிறகு அந்தப் பெயரோடு, அவள் மேசையில் கிடப்பவர்கள் பேசுவார்கள் என்பதும் சேர்ந்துகொண்டது.

ஏனென்றால் அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. மாரிக்கனி கத்தி எடுத்த மேசையில், விவரம் சொல்லப்படாதவர்கள் எல்லோரும் பேசினார்கள். பக்கத்து மேசையில் வேறு டாக்டர் கத்தி எடுத்தால் அமைதியாகக் கிடந்தார்கள். ஒலிபெருக்கிக் கம்பியில் ஏதோ கோளாறு என்று சொல்லி நிர்வாகம் ஆபரேஷன் தியேட்டர் கம்பிகளையெல்லாம் பிடுங்கிப் பார்த்தது. மருந்தின் அளவைக் கூட்டச் சொன்னார்கள். இதற்கு மேல் கூட்டினால் நோயாளி பேசவும் மாட்டார், மூச்சும் விடமாட்டார் என்று சுந்தரபாண்டி சொல்லிவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை ஐயரைக் கூட்டிவந்து ஹோமம் வளர்த்தார்கள்; புகையால் தியேட்டரைத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. கடைசியில் தலைமை டாக்டரே நேரில் வந்து மேசையருகே நின்றார். அன்று கிடந்தவர் கணையத்தில் புற்று வந்த ஒரு முதியவர். "ஐயா, இதை எடுத்தா நான் நல்லாயிருவேனா, இல்லை எடுத்தோம்னு உங்களுக்கு இருக்கணுமா?" என்று அவர் கேட்டார். தலைமை டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றாமலே வெளியே போனார். அந்த மாதக் கடைசியில் மாரிக்கனிக்குப் பொன்னாடை போர்த்தி, அவளுடைய திறமைக்குச் சொந்த மாவட்டத்தில் நல்ல எதிர்காலம் இருப்பதாகப் பேசி அனுப்பி வைத்தார்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகும் ரோட்டில், லாரிகள் ஓயாமல் போய் வருகிற இடத்தில், ஒரு அறக்கட்டளை சின்ன மருத்துவமனை கட்டியிருந்தது. மாரிக்கனி அங்கே சேர்ந்தாள். கூடவே சுந்தரபாண்டியும் வந்துவிட்டார். நல்ல இடத்தை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டவர்களிடம், "மத்த தியேட்டர்ல யாரும் பேச மாட்டேங்கிறாகப்பா. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

மேசையில் கேள்வி வரக்கூடாது என்றால் அதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். மாரிக்கனிக்கு அது புரிந்திருந்தது. ஆனால் எப்படிச் சொல்வதென்று தெரிந்துகொள்ள வருடங்கள் ஆயின. நின்றுகொண்டு சொல்லக்கூடாது. சொன்ன உடனே எழுந்து போகக்கூடாது. அழுகிறவர் அழுது முடிக்கும் முன்பு அடுத்த விவரத்தைத் தொடங்கக்கூடாது. இதெல்லாம் அவள் தவறிச் செய்து, தவறிச் செய்து கற்றது. நோயாளிகளைவிட வீட்டுக்காரர்கள்தான் கடினமாக இருந்தார்கள். தாழ்வாரத்தில் வழிமறித்து, "டாக்டரம்மா, உங்க காலைக்கூடப் பிடிக்கிறோம், அவுககிட்ட சொல்லிராதீக. சொன்னா அன்னிக்கே போயிருவாக" என்பார்கள். அன்பில் சொல்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் வாதம் செய்வதை விட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "நான் சொல்லலைன்னா மேசையில கேப்பாக. அந்த நேரம் நீங்க பக்கத்துல இருக்க மாட்டீக." அதற்குள் அந்த வட்டாரத்தில் பாலவனத்தம் வரைக்கும் விஷயம் தெரிந்திருந்தது. டீக்கடையில் பருத்தி விலையோடு அதையும் பேசினார்கள். திருச்சுழி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள்கூட, "அந்தம்மாகிட்ட மறைக்க முடியாதுப்பா" என்று வந்தவர்களிடம் சொன்னார்கள்.

பிறகு சோலை வந்தார். தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிப்போகிற லாரியில் டிரைவர். கன்னத்தின் உள்பக்கம் புண்ணாகி, வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. மாரிக்கனி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே அவர் கையைக் குறுக்கே நீட்டினார். "தாயி, நீங்க சொல்லுவீகன்னு கேள்விப்பட்டேன். எனக்கு வேணாம். என்ன செய்யணுமோ எம்மகள்ட்ட கேட்டுச் செய்யுங்க. நோய்ப் பேரைக்கூடச் சொல்லாதீக." மாரிக்கனி அவரை இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தாள். அவர் மாறவில்லை. ஆபரேஷன் அன்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கன்னத்தைத் திறந்தாள், எலும்பை அறுத்தாள், கழுத்து நெறிக்கட்டிகளை எடுத்தாள். சோலை பேசவில்லை. சுவாசக் குழாயில் காற்று போய் வந்த சத்தம்தான். தைத்து முடித்து வெளியே வந்து கை கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. உண்மையைச் சொல்லச் சொல்லி அந்தக் குரல் கேட்கவில்லை. ஒருவருக்கு நடக்கிற காரியத்தில் அவரை ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டார்களா என்றுதான் கேட்கிறது. சோலை தன்னைச் சேர்த்துக்கொண்டார், விலகியிருக்கிறேன் என்று சொன்னதன் மூலம்.

இந்தக் கண்டுபிடிப்பு அவளை வெளியூர்களுக்குக் கொண்டுபோனது. மருத்துவ அறம் பற்றிப் பேச சென்னைக்கும் டெல்லிக்கும் கூப்பிட்டார்கள். குழுக்களில் உறுப்பினரானாள், புற்றுநோயாளிகளிடம் எப்படிப் பேசுவது என்று இளம் டாக்டர்களுக்கு வகுப்பு எடுத்தாள். எங்கே போனாலும் அவள் உள்ளதைத்தான் சொன்னாள்: "நான் கேட்காவிட்டால் என் நோயாளிகள் மயக்கத்திலேயே என்னிடம் கேட்பார்கள்." கூட்டம் அதை உவமை என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது. தேநீர் இடைவேளையில் டெல்லிக்காரர் ஒருவர் மட்டும் அருகில் வந்து, என்ன மயக்க மருந்து உபயோகிக்கிறீர்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். மாரிக்கனி மருந்தின் பெயரைச் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார்.

பல வருடங்கள் அவள் மேசையில் யாரும் பேசவில்லை. இனிப் பேசமாட்டார்கள் என்றே அவள் நினைக்கத் தொடங்கினாள். தலையில் நரை விழுந்தது. மதன்குமார் என்ற இளம் அறுவை டாக்டர் அவளுக்கு உதவியாக வந்து சேர்ந்தான். சுறுசுறுப்பானவன், கை வேகம். அவனிடம் அவள் சொல்வாள், முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் தொல்லை இல்லை என்று. அந்தச் சமயத்தில்தான் தங்கச்செல்வி வந்தாள்.

தங்கச்செல்வி திருச்சுழிக்கு அந்தப் பக்கம், சொந்தக் காடுகரை உள்ள ஒரு குடும்பத்தின் மருமகள். கல்யாணமாகி நெடுங்காலம் குழந்தையில்லாமல் இருந்து, கோயில்களையும் டாக்டர்களையும் சுற்றி ஓய்ந்தபிறகு வயிற்றில் தங்கியிருந்தது. ஐந்தாம் மாதத்தில் உதிரம் பட்டது என்று வந்தவளைப் பரிசோதித்தபோது கர்ப்பப்பை வாயில் புற்று இருந்தது. மாரிக்கனி எதையும் மறைக்கவில்லை. படம் போட்டுக் காட்டினாள். கர்ப்பப்பையை உடனே எடுத்துவிட வேண்டும், குழந்தை போய்விடும், பிறகு குழந்தை பிறக்காது, ஆனால் உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னாள். கணவன் பாண்டீஸ்வரன் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், "அவ இருந்தாப் போதும் டாக்டர். வேற எதுவும் எனக்கு வேணாம்" என்றான். மாமியார் சங்கரம்மாள் மருமகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "நீதான் எனக்குப் புள்ளை" என்றார். அந்த அறையில் கெட்டவர் ஒருவரும் இல்லை. சம்மதமா என்று மாரிக்கனி கேட்டாள். தங்கச்செல்வி எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். பத்தாவது வரை படித்தவள்; தாளை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். இத்தனை ஒழுங்காக ஒரு சம்மதத்தை வாங்கியதில்லை என்று மாரிக்கனிக்குத் தோன்றியது.

வயிற்றில் மஞ்சள் மருந்தைத் தடவிக்கொண்டிருக்கும்போதே குரல் வந்தது. "டாக்டரம்மா, எல்லாத்தையும் சொன்னீக. கேக்கத்தான் இல்லை."

மாரிக்கனிக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் மேசையில் கிடந்தவர்மேல் அவளுக்குக் கோபம் வந்தது அதுதான் முதல் தடவை. "கேட்டேனேம்மா. சம்மதமான்னு உன்கிட்டயேதான் கேட்டேன்."

"சம்மதமான்னு கேட்டீக. என்ன வேணும்னு கேக்கலை."

சுந்தரபாண்டி தன் மெஷினைப் பார்த்தபடி இருந்தார். மதன்குமார் இந்தக் குரலை அதற்குமுன் கேட்டதில்லை, கேள்விப்பட்டதோடு சரி. அவன் முகம் வெளுத்திருந்தாலும் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. "மேடம், இவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. நோய் பரவுற நோய். இப்ப எடுத்தா காப்பாத்தலாம். எழுந்தா இவங்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. நீங்களே சொல்லியிருக்கீங்க." அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. சட்டம் அவன் பக்கம் இருந்தது, படித்த புத்தகங்களும் அவன் பக்கம் இருந்தன. கத்தி மாரிக்கனியின் கையில் இருந்தது. கீறினால் இந்தப் பெண் அநேகமாகப் பிழைப்பாள். எழுப்பினால் இரண்டு உயிரும் போகலாம். நிறுத்தச் சொல்லியும் குரல் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. நிறுத்தச் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பாள்.

"எழுப்புங்க, சுந்தரபாண்டி" என்றாள்.

வெளியே வந்து சொன்னபோது பாண்டீஸ்வரன் தாழ்வாரத்துத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சங்கரம்மாள் போட்ட சத்தம் வெளிநோயாளிகள் வரிசை வரைக்கும் கேட்டது. "கத்தியைக் கையில வச்சுக்கிட்டு கேள்வி கேட்டுட்டு நிக்கிற டாக்டரை எங்கயாச்சும் கண்டிருக்கீகளா? எம்மருமகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பொறுப்பு, பாத்துக்க!"  அந்த அம்மாள் சொன்னதும் சரிதான் என்று மாரிக்கனிக்குப் பட்டது.

தங்கச்செல்வி கண்விழித்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அது அப்படியே இருந்தது. அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. மாரிக்கனி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசையில் அவள் பேசியதைச் சொல்லி, "இப்பக் கேக்கேன். உனக்கு என்ன வேணும்?" என்றாள். தங்கச்செல்வி கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "யாரும் அழாத எடத்துல இருந்து யோசிக்கணும். எங்க வீட்டாளுகளைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க" என்றாள். சாயங்காலம் ஆள் அனுப்பி மாரிக்கனியைக் கூப்பிட்டாள். "வேற வழியே இல்லையா? ஆபத்தான வழின்னாலும் பரவாயில்லை, சொல்லுங்க."

வழி இருந்தது. மாரிக்கனிக்கு அது முதல் நாளே தெரியும். கர்ப்பத்தோடேயே புற்றுக்கு மருந்து ஏற்றி நோயைக் கட்டி வைக்கலாம். குழந்தை வெளியே பிழைக்கிற பருவம் வந்ததும் வயிற்றைக் கீறி எடுத்துவிட்டு, அதே மூச்சில் கர்ப்பப்பையையும் எடுக்கலாம். மருந்து நோயைக் கட்டுமா என்பது நிச்சயமில்லை. அது நல்ல வழியில்லை என்று தானாகவே முடிவு செய்து, சொல்லாமல் விட்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். சொன்னது ஒரு பாதையின் எல்லாவற்றையும்தான். இப்போது இரண்டாவது பாதையையும் அதன் பள்ளங்களோடு சொன்னாள். தன் இடத்தில் இருந்தால் மாரிக்கனி எந்தப் பாதையை எடுப்பாள் என்று தங்கச்செல்வி கேட்டபோது, முதலாவதை என்றும் சொன்னாள். தங்கச்செல்வி கேட்டுக்கொண்டாள். "நீங்க டாக்டரு. அதை எடுப்பீக" என்றாள். "எனக்கு இந்தப் புள்ளை மொகத்தைப் பாக்கணும். அதுக்கப்புறம் எத்தனை நாளோ, அத்தனை நாள்."

அந்த மாதங்களில் மாரிக்கனி சரியாகத் தூங்கவில்லை. மருந்து ஏறஏறத் தங்கச்செல்வியின் முடி உதிர்ந்தது, வயிறு வளர்ந்தது. மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாண்டீஸ்வரன் பிடித்து வந்த வாடகைக் காரில் வந்து இறங்குவாள். பாண்டீஸ்வரன் மாரிக்கனியிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். சங்கரம்மாள் மருமகளுக்காக விரதம் இருந்து இளைத்துப் போனார். பெண் குழந்தை பிறந்தது. மாதம் நிறையாத, உள்ளங்கையில் அடங்குகிற குழந்தை. ஆனால் தியேட்டரே அதிரும்படி கத்தியது. மாரிக்கனி அதை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி, கர்ப்பப்பையை எடுத்தாள். தங்கச்செல்வி கடைசிவரை ஒன்றும் பேசவில்லை.

நோய் திரும்ப வந்தது. உடனே வரவில்லை, குழந்தை நடந்து, பேசி, ஓடியாடி, பள்ளிக்கூடம் சேர்ந்து, அம்மாவின் பெயரை சிலேட்டில் எழுதப் பழகிய பிறகு நெஞ்சில் வந்தது. இனி மருந்து ஏற்றவா என்று மாரிக்கனி கேட்டாள். வேண்டாம், வலி தெரியாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் தங்கச்செல்வி. வாரந்தோறும் மாரிக்கனி வலிக்கான மார்ஃபின் மாத்திரையை எடுத்துக்கொண்டு திருச்சுழி பஸ்ஸில் போனாள். கார் இருந்தது, பஸ்ஸில் போனால் போய்ச் சேர நேரமாகும் என்பதற்காகப் பஸ்ஸில் போனாள். பருத்தி வெடித்திருந்த ஒரு காலையில், மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போன சற்று நேரத்தில், தங்கச்செல்வி இறந்துபோனாள்.

கருமாதி முடிந்து பாண்டீஸ்வரன் மருத்துவமனைக்கு வந்தான். மகளை மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்காரவைத்து வந்திருந்தான். அவளை வாசலில் செவிலியர்களோடு விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கே எடுத்திருந்தா இருந்திருப்பாளா?"

தெரியாது என்று சொன்னால் போதும். அதுவும் பொய்யாகாது. அவன் அதை ஏற்றுக்கொண்டு போய்விடுவான். மாரிக்கனி அவன் கண்ணைப் பார்த்தாள். "இருந்திருக்கலாம், தம்பி. அதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்."

 பாண்டீஸ்வரன் சன்னல் வழியாக வாசலைப் பார்த்தான். மகள் தரையில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். "அப்ப இவ இருந்திருக்க மாட்டா" என்றான். அது கேள்வியா இல்லையா என்று தெரியவில்லை. மாரிக்கனி, "ஆமா" என்றாள். அவன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, ஏசவும் இல்லை. வெளியே போய்ப் பிள்ளையின் செருப்பை மாட்டிவிட்டு, வண்டியில் தூக்கி வைத்துக்கொண்டு போனான். மாரிக்கனி அன்று மேற்கொண்டு நோயாளிகளைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு அவள் எந்த மேடையிலும் கற்றுக்கொடுக்கிற குரலில் பேசவில்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போய், தங்கச்செல்வியின் கதையைச் சொல்லிவிட்டு, இதில் நான் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது என்று முடித்துக்கொள்வாள். சிலருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. மருத்துவமனையில் அவள் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தாள். நோயைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே என்ன வேண்டும் என்று கேட்பது. வந்த பதில்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஆட்டுச் சந்தையில் விலை கூவுகிற ஒருவர், ஆயுசு குறைந்தாலும் சரி, தொண்டையில் கை வைக்கக்கூடாது என்றார். ஒரு பெண் தன் கொழுந்தன் வீட்டு விசேஷம் முடியும்வரை முடி கொட்டக்கூடாது என்றாள். இன்னொருத்தி எனக்கு வீட்டுக்குப் போக வேண்டாம், கொஞ்ச நாள் இங்கேயே கிடக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். முடிந்ததைச் செய்தார்கள், முடியாததை முடியாது என்று சொன்னார்கள். மதன்குமார் தனியாகக் கத்தி எடுக்கத் தொடங்கிய வருடம், அவன் மேசையிலும் ஒரு நோயாளி பேசினார். மதன்குமார் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்து, சுந்தரபாண்டியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தான். சுந்தரபாண்டி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

போன ஐப்பசியில் தங்கபாண்டி என்கிற சம்சாரிக்கு இரைப்பையில் ஆபரேஷன். மதன்குமார் கத்தி எடுத்தான். மாரிக்கனி எதிரே நின்று உதவினாள். தங்கபாண்டியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தார்கள், கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தார்கள். வானத்தை நம்பி மக்காச்சோளமும் உளுந்தும் விதைத்துவிட்டு வந்திருந்தார். அவர் பேச ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் வயிறு திறந்து கிடக்கையில், ஒட்டிய இமைகளோடு, குழாய் சொருகிய வாயோடு அவர் பேசினார்.

"வெளிய மழை பெய்யுதா?"

மதன்குமார் கையை நிறுத்தி மாரிக்கனியைப் பார்த்தான். மாரிக்கனி நர்ஸ் ரேணுகாதேவியைப் பார்த்தாள். ரேணுகாதேவி கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்குப் போய், திருச்சுழிப் பக்கம் பார்த்த சன்னலில் எட்டிப் பார்த்தாள். லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. உள்ளே வந்து, தங்கபாண்டியின் காதருகே குனிந்து சொன்னாள்.

"இன்னும் இல்லை அண்ணாச்சி. மேகம் மட்டும் கெடக்கு. காத்து மாறியிருக்கு."

"சரி, சரி" என்றார் தங்கபாண்டி. "நீங்க உங்க சோலியைப் பாருங்க."

மதன்குமார் கையை நீட்டித் தையல் நூலைக் கேட்டான். ரேணுகாதேவி எடுத்துக் கொடுத்தாள்.